மொண்டாராவின் மூன்று தலைமுறைகளும் ஓட்டுநர் மாரப்பனும்

நொய்யல் வடகரை பனியன் உற்பத்தியாளர் சங்கத்தில் மாரப்பன் ஓட்டுநராகச் சேர்ந்தபோது சங்கத்திடம் வண்டி இல்லை. அதை ஒரு குறையாக யாரும் நினைக்கவில்லை. சங்கத்திடம் ஒரு தலைவர் இருந்தார், செயற்குழு இருந்தது, பதினெட்டு மர நாற்காலிகள் இருந்தன, தடிமனான தீர்மானப் புத்தகம் இருந்தது. ஒரு சங்கத்துக்கு வேறென்ன வேண்டும்?

வண்டி வேண்டும் என்ற எண்ணம் 1984-ஆம் வருடம் சித்திரையில் வந்தது. ஜெர்மனியிலிருந்து ஒரு துணி வியாபாரி கோயமுத்தூர் பீளமேட்டில் விமானம் இறங்கி, வாடகைக் காரில் திருப்பூர் வந்து, ஒரு சிவப்பு பனியனை எடுத்துத் தண்ணீரில் முக்கினார். சிவப்பு முழுவதும் தண்ணீருக்குப் போய்விட்டது. பனியனைக் கீழே வைத்துவிட்டு வந்த வழியே அவரும் போய்விட்டார். ஆர்டர் ஏன் கைநழுவியது என்று சங்கம் மூன்று நாள் கூடி ஆராய்ந்தது. சாயத்தைப் பற்றிப் பேச்செடுத்த ஓர் உறுப்பினரைப் பொருளுக்குள் நின்று பேசும்படி தலைவர் சிவசுப்பிரமணியம் கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து நின்று துண்டைச் சரிசெய்துகொண்டார்.

“அத்தனை தூரத்துல இருந்து வார மனுசன, முழங்கால் முன்சீட்டுல இடிக்கற வண்டியில உக்கார வெச்சுக் கூட்டியாந்தா அவருக்கு பனியன் புடிக்குமுங்களா? நம்ம சாயத்துல ஒரு கொறையும் இல்லீங்க. கொறையெல்லாம் அவரு முழங்காலுலதானுங்க. அந்த முழங்காலுக்குத் தக்க வண்டி நாம வாங்கோணும்!”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. யாரோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பத்திரிகையில் ‘மொண்டாரா’ என்ற வெளிநாட்டுச் சொகுசு ஜீப்பின் படம் இருந்தது. எட்டுப் பேர் காலை நீட்டி உட்காரலாம். உள்ளே குளிர்காற்று, தரையில் கம்பளம். நம் ஊர் ஜீப் இரண்டை ஒட்டி வைத்தால் கூட அந்த நீளம் வராது என்றார்கள். மொண்டாராவை மதிப்பீடு செய்து வாங்குவதென்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. வண்டி வந்தபின் ஓட்டுநரைத் தேடினால் வண்டி சும்மா நிற்கும் என்பதால், ஓட்டுநரை முதலில் சேர்ப்பதென்றும் முடிவாயிற்று.

மாரப்பன் அப்போது சாயப்பட்டறைக்கும் தையல் கம்பெனிகளுக்கும் நடுவே துணி ஏற்றும் டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தான். வயது முப்பத்திரண்டு. வண்டி ஓட்டுவது அவனுக்குப் பிழைப்பு மட்டுமல்ல, உயிர். ஸ்டீயரிங்கில் கை வைத்தால்தான் அவன் முகத்தில் களை வரும்; ஞாயிற்றுக்கிழமையானால் வீட்டில் பூனை மாதிரி சுற்றிச் சுற்றி வருவான். அந்தப் படத்தை ஒரு முறை பார்த்தான். டெம்போ சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு மறுநாளே சங்கத்துக்கு வந்துவிட்டான்.

நியமன உத்தரவில் இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று, மொண்டாரா சங்க வாசலுக்கு வந்து சேரும் நாளிலிருந்து அவன் நிரந்தர ஊழியன். இரண்டு, அதுவரை அவன் வேறெந்த வண்டியையும் ஓட்டக்கூடாது.

“அதேனுங்க ஓட்டக்கூடாது?” என்று மாரப்பன் கேட்டான்.

பதில் சொன்னவர் மயில்சாமி. சங்கத்தின் தர மதிப்பீட்டுக் குழுவுக்கு அவர்தான் அமைப்பாளர். கழுத்தில் எந்நேரமும் இஞ்ச் டேப் தொங்கும், சாப்பிடும்போதும் கழற்றமாட்டார். “ஓவர்லாக் அடிக்கற டெய்லர பேட்லாக் மெஷின்ல உக்கார வெச்சா என்னாகும்? கை கெட்டுப்போயிரும். மறுபடி ஓவர்லாக்குல உக்காந்தாலும் பழைய தையலு வராது. சின்ன வண்டி ஓட்டுன கையோட பெரிய வண்டியத் தொட்டீன்னா வண்டி கெட்டுரும் மாரப்பா. கையச் சுத்தமா வெச்சுக்கோ.”

மாரப்பனுக்கு அதில் ஏதோ நியாயம் இருப்பது போலத்தான் பட்டது. எப்படியும் ஆறு மாதத்தில் வண்டி வந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

மதிப்பீடு தொடங்கியது. கார்களை எப்படி மதிப்பிடுவது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் வெளிநாட்டு வியாபாரிகள் தங்கள் பனியனை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வேதனையை வருடக்கணக்கில் அனுபவித்தவர்கள். அளவுப் பட்டியல் கேட்பான், அரை சென்டிமீட்டர் கூடினால் திருப்பி அனுப்புவான், நூல் பிசிறுக்கு ஒரு கடிதம், லேபிள் கோணலுக்கு ஒரு கடிதம். அதையெல்லாம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்குத் திருப்பிச் செய்ய வாய்ப்புக் கிடைத்ததில் குழுவுக்கு அப்படியொரு குஷி. பனியன் அளவுப் படிவத்தையே எடுத்து மொண்டாரா என்று தலைப்பிட்டார்கள். நெஞ்சளவு, உடல் நீளம், கழுத்து அகலம், கை நீளம். பானெட்டுதான் கழுத்து என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. கை எது என்பதில் ஏழு மாதம் இழுத்தது. கதவுதான் கை என்று ஒரு கட்சி. பக்கவாட்டுக் கண்ணாடிதான் கை என்று இன்னொரு கட்சி. கதவு கையென்றால் மொண்டாராவுக்கு நாலு கை ஆகிறதே என்று ஒருவர் கேட்டதற்கு, ஏற்றுமதிச் சரக்கு அப்படித்தான் இருக்கும் என்றார் மயில்சாமி.

கடைசியில் கம்பெனிக்குக் கடிதம் போயிற்று. முறைப்படி ஸ்மால், மீடியம், லார்ஜ், எக்ஸ்ட்ரா லார்ஜ் என்று நாலு அளவிலும் ஒவ்வொரு வண்டி மாதிரிக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தாங்கள் ஒரே அளவில்தான் வண்டி செய்வதாகக் கம்பெனி பதில் எழுதியது.

“ஒரே சைசு தைக்கற கம்பெனி என்ன கம்பெனிங்க?” என்று தலைவர் செயற்குழுவில் கொதித்தார். “நாம பொறந்த கொழந்தையில இருந்து பெரிய ஆளு வரைக்கும் தைக்கறோம். ஒரு நாளாவது ஒரே சைசுன்னு சொல்லியிருக்கறோமா?”

நாலு வருடம் கடிதம் போவதும் வருவதுமாக இருந்தது. 1988-இல் கம்பெனியிடமிருந்து சுருக்கமாக ஒரு தகவல் வந்தது. அந்த மாடலை நிறுத்திவிட்டார்கள். இனி வருவது இரண்டாம் தலைமுறை. குழு கவலைப்படவில்லை. ‘ஸ்டைல் மாறிவிட்டது, புதிதாக மதிப்பிட வேண்டும்’ என்று எழுதி, முதல் தலைமுறைக் கோப்பைக் கட்டிப் பரண்மேல் போட்டார்கள்.

மாரப்பன் நாலு வருடமாகச் சங்கத்தில் தண்ணீர் வைத்தான், தபால் எடுத்தான், நாற்காலி துடைத்தான். சாலையில் போகும் ஒவ்வொரு வண்டியின் கியரும் எப்போது மாறுகிறது என்று அவன் காது தானாகக் கேட்டுக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டு அலாவுதீன் சொந்தமாக வேன் வைத்துத் துணி ஓட்டுகிறவன். ஒரு நாள் அவனே கூப்பிட்டான்.

“மாரப்பா, ரெண்டாவது வண்டி எடுத்துட்டேன். ஓட்ட ஆளில்லாம சும்மா நிக்குது. வந்துரு. உன்னாட்டம் ஓட்டறவன் இந்த ஊருல ஆரு இருக்கறா?”

“நாலு வருசம் காத்துட்டேனே பாய். இப்ப வந்தா அந்த நாலு வருசம் என்னாகறது?”

மனிதனை மடக்குவதற்குச் சங்கிலி எதுவும் வேண்டியதில்லை. காத்திருந்த வருடங்களே போதும்.

இரண்டாம் தலைமுறையை மதிப்பிடக் குழு வேறு வழி கண்டுபிடித்தது. வண்டியை இறக்குமதி செய்ய அனுமதி கிடைக்காது என்பதால், விளம்பரப் புத்தகத்தில் உள்ள அளவுப்படி சங்கத்தின் பெரிய அறையிலேயே மூங்கிலால் ஒரு மொண்டாரா கட்டினார்கள். மேலே போர்த்த ரிஜெக்ட் ஆன வெள்ளைப் பனியன் துணி. உள்ளே எட்டு மர நாற்காலி, முன்னால் பழைய தையல் மெஷின் சக்கரம் ஒன்று ஸ்டீயரிங்காக. மாரப்பன் காலை ஒன்பது மணிக்கு அதில் ஏறி உட்கார வேண்டும். பின்னால் ஏழு உறுப்பினர்கள் ஏறிக்கொள்வார்கள். பீளமேட்டிலிருந்து திருப்பூர்வரை ஒன்றரை மணி நேரம்.

“அவிநாசி வந்தாச்சா?” என்பார் மயில்சாமி.

“வந்துட்டதுங்க.”

“அப்ப நிறுத்து. டீ குடிக்கோணும்.”

எல்லோரும் இறங்கி டீ குடித்துவிட்டு மறுபடி ஏறுவார்கள். ஒரு நாள் கருமத்தம்பட்டி தாண்டும்போது யார் ஜன்னலோரம் உட்காருவது என்று இரண்டு உறுப்பினர்களுக்குள் கைகலப்பாகி, ஒருவர் ஓடும் வண்டியிலிருந்து இறங்கிப் போய்விட்டார். ஓடும்போது கதவைத் திறக்கவிட்டதற்காக மாரப்பனிடம் விளக்கம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தான்.

1991 ஆவணியில் ஒரு காலை, அவன் மனைவி வேலாத்தாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். அவள் ஒரு கம்பெனியில் செக்கிங் மேசையில் நின்று பிசிறு வெட்டுகிறவள்; எந்த வலியையும் வெளியே சொல்லாதவள், அன்று கத்தினாள். உடனே கோயமுத்தூர் கொண்டுபோகச் சொன்னார் டாக்டர். அன்று பெரிய முகூர்த்தம். ஊரில் இருந்த வாடகைக் காரெல்லாம் கல்யாணத்துக்குப் போயிருந்தன. அலாவுதீனின் ஒரு வேன் ஈரோடு போயிருந்தது. இன்னொன்று வாசலில் நின்றது. ஆனால் அலாவுதீனுக்கு வலது கையில் மாவுக்கட்டு.

“சாவி இந்தா. ஓட்டு” என்றான் அலாவுதீன்.

“சங்கத்துல...”

“சங்கமா உன்ற பொண்டாட்டியத் தூக்கிட்டுப் போவும்? ஏறு.”

மாரப்பன் ஏறினான். ஏழு வருடத்துக்குப் பிறகு அவன் காலடியில் ஒரு என்ஜின் உறுமியது. இரண்டாவது கியருக்குப் போகையில் கை அதுவாகவே போனது. பின்னால் அவள் முனகிக்கொண்டிருக்க, அவனுக்குள் சந்தோஷம் பொங்கிப் பொங்கி வந்தது. சூலூர்ப் பிரிவைத் தாண்டும்போது அவன் சிரித்துக்கொண்டிருந்தான். பெற்ற பிள்ளையைக் கொஞ்சுகிற மாதிரியான சிரிப்பு. அதற்காகப் பின்னாளில் அவன் எத்தனையோ முறை வெட்கப்பட்டான். குடல்வால் வெடிக்கும் முன்னால் கொண்டுவந்து சேர்த்துவிட்டாய் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வேலாத்தாள் பிழைத்தாள்.

சங்கம் விசாரணை வைத்தது. நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டு, நடுவில் மாரப்பனை நிற்கவைத்தார்கள்.

“பொண்டாட்டி உசிரு பெருசுதான். அத நாங்க மறுக்கல” என்று தலைவர் ஆரம்பித்தார். “எனக்கும் பொண்டாட்டி இருக்கறாங்க. ஆனா ஒரு நிறுவனம்னா அதுக்கு ஒரு ஒழுங்கு வேணுமில்லீங்களா? இன்னிக்கு இவன் பொண்டாட்டிக்கு வயித்து வலி. நாளைக்கு இன்னொருத்தன் பொண்டாட்டிக்கு வரும். இப்படி ஆளாளுக்கு வயித்து வலி வந்தா சங்கத்துக் கொள்கை என்னாகறது? கருணை வேறுங்க, தரம் வேறுங்க. கருணைக்கு ஒரு அளவுப் பட்டியல் இருந்தா, அதப் பாத்து நானே பண்ணியிருப்பேன்.”

மயில்சாமி மாரப்பனின் இரண்டு உள்ளங்கையையும் பிரித்து, இஞ்ச் டேப் வைத்து அளந்து, விளக்குக்குக் கீழே திருப்பிப் பார்த்தார். “கெட்டுருச்சுங்க. வேன் ஓட்டுன கை. தெரியுது பாருங்க” என்றார். உறுப்பினர்களும் குனிந்து பார்த்துத் தலையாட்டினார்கள். தீர்ப்பு எழுதப்பட்டது. மாரப்பனின் ஏழு வருடச் சேவை ரத்து. அன்றைய தேதியிலிருந்து அவன் புதிதாகச் சேர்ந்தவனாகக் கருதப்படுவான். கை தேறும்வரை மூங்கில் வண்டியில் காலை முதல் மாலை வரை தனியாக உட்கார வேண்டும்.

அப்போதே அவன் வேலையை விட்டுப் போயிருக்கலாம் என்று நமக்குத் தோன்றும். வேலாத்தாளுக்கும் அப்படித்தான் தோன்றியது.

“ஏனுங்க, விட்டுத் தொலைச்சுட்டு பாய் வண்டிக்குப் போங்களேன். எதுக்கு இப்படிச் சீரழியறீங்க?”

“ரெண்டாந் தலைமுறை முடியற கட்டத்துக்கு வந்துருச்சாமா. இன்னும் ஒரே ஒரு டெஸ்ட்டுதான் பாக்கியாம்” என்றான் மாரப்பன்.

அந்த டெஸ்ட் சலவை டெஸ்ட். மூங்கில் மொண்டாராவின் மேல்துணியைக் கழற்றி, மூன்று முறை துவைத்துக் காயவைத்து அளந்தார்கள். நீளத்தில் ஆறு சதம் சுருங்கியிருந்தது. மயில்சாமி பேனாவை மூடிவைத்தார். “மழையில நனைஞ்சா மொண்டாரா ஆறு சதம் சுருங்குது. அப்ப ஜெர்மன்காரன் முழங்கால் மறுபடி இடிக்குமே!” இரண்டாம் தலைமுறையும் நிராகரிக்கப்பட்டது. இந்தக் காரணத்தைப் படித்துவிட்டுக் கம்பெனி பதிலே எழுதவில்லை. பதில் இல்லாததைக் குற்ற ஒப்புதலாகக் குறித்துக்கொண்டார்கள்.

1997-இல் காலம் மாறியிருந்தது. வெளிநாட்டு வண்டிகள் வரத் தொடங்கியிருந்தன. மூன்றாம் தலைமுறை மொண்டாராவை எடுத்துக்கொண்டு கம்பெனியின் விற்பனை அதிகாரி ஒருவர், டை கட்டிய இளைஞர், சென்னையிலிருந்து தானே ஓட்டிவந்தார். கருநீலத்தில் ஒரு சின்ன வீடு நகர்ந்து வருவது போல அது சங்க வாசலில் வந்து நின்றது. மாரப்பனுக்கு இப்போது வயது நாற்பத்தைந்து. பக்கத்தில் போய்க் கதவின் கைப்பிடியை ஒரு விரலால் தொட்டான்.

“தொடாதே. இன்னும் பாஸாகல” என்றார் மயில்சாமி.

பனியன் செக்கிங் போலவே குறை உள்ள இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். கதவு ரப்பரில் பிசிறு, ஒரு அம்பு. இடதுபக்க விளக்கு வலதுபக்க விளக்குக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருக்கிறது, ஒரு அம்பு. பட்டன் பலம் பார்க்க ஹாரனை இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். சாயம் ஒட்டுகிறதா என்று வெள்ளைத் துணியால் கருநீலத்தை நூறு முறை தேய்த்தார்கள், ஒட்டவில்லை. அந்த வெள்ளைத் துணியைத் தலைவர் வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பூரில் அப்படி ஒரு துணியை அவர் பார்த்ததில்லை.

பிறகு மயில்சாமி பையிலிருந்து ஒரு வட்டமான வெட்டுக் கருவியை எடுத்தார். துணியில் சின்ன வட்டம் வெட்டி எடை போட்டுக் கனம் பார்ப்பதற்கு எல்லாக் கம்பெனியிலும் இருப்பதுதான். விற்பனை அதிகாரி என்னவென்று கேட்பதற்குள் பின்சீட்டில் அழுத்தி ஒரு திருகு திருகினார். உள்ளங்கை அளவுக்கு வட்டமாகத் தோல் கையோடு வந்தது.

“ஐயோ! என்ன சார் பண்ணீங்க?” என்று அந்த இளைஞர் அலறினார்.

“ஜிஎஸ்எம் பாக்கறமுங்க. கனம் நல்லாத்தான் இருக்குது. பாஸ்.”

அந்த ஓட்டையோடு வண்டியைத் திருப்பிக் கொண்டுபோக முடியாது என்று விற்பனை அதிகாரி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். வக்கீல் நோட்டீஸ் என்றதும் செயற்குழு அவசரமாகக் கூடியது. பதின்மூன்று வருட ஆய்வுக்குப் பிறகு, தர அடிப்படையில் மட்டுமே, மொண்டாரா வாங்கப்படுகிறது என்று ஒருமனதாக முடிவாயிற்று.

அன்று மாரப்பன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தான். வேலாத்தாள் அவன் கையில் எலுமிச்சம்பழங்கள் கொடுத்தனுப்பியிருந்தாள், நாலு சக்கரத்துக்கும் வைக்க. அவன் வண்டியருகே போனபோது அங்கே வேறு வேலை நடந்துகொண்டிருந்தது. முழு மொண்டாராவையும் பாலித்தீன் உறையால் மூடிக்கொண்டிருந்தார்கள். கதவிடுக்குகளில் பூச்சி உருண்டை போட்டாயிற்று. கைப்பிடியில் அட்டை கட்டித் தலைவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மயில்சாமி அரக்கை உருக்கிக்கொண்டிருந்தார்.

“இதென்னங்க இது?”

“அப்ரூவ் ஆயிருச்சு மாரப்பா. சீல் வெக்கறோம்.”

“சீல் வெச்சா எப்புடிங்க ஓட்டறது?”

தலைவர் பேனாவை நிறுத்திவிட்டுப் பரிவோடு சிரித்தார். “அப்ரூவ் ஆன சாம்பிள் பனியன எவனாவது எடுத்துப் போட்டுக்கிட்டுத் திரிவானா? அது அலமாரியில இருக்கோணும். நாளைக்கு நாம வாங்கற வண்டியெல்லாம் இதுமாதிரியே இருக்குதான்னு ஒப்பிட்டுப் பாக்கறதுக்குத்தானே சாம்பிளு! ஓட்டற வண்டி அப்புறம் ஆர்டர் போட்டு வரும்.”

“எனக்கு நிரந்தரம்... வண்டி வந்தா நிரந்தரம்னு உத்தரவுல இருக்குதுங்களே சாமி.”

“அத நாங்க மறப்பமா?” என்றார் தலைவர், உண்மையாகவே மனம் நெகிழ்ந்து. “பதிமூணு வருசமா காத்திருந்த மனுசன் நீ. உன்னைய இன்னிக்கே நிரந்தரம் பண்றோம். மயில்சாமி, வாசிப்பா.”

மயில்சாமி வாசித்தார். பட்டன், லேபிள், ஜிப் முதலியவை சாம்பிளோடு சேர்ந்தே அங்கீகரிக்கப்படுவது போல, மொண்டாராவோடு மதிப்பிடப்பட்ட ஓட்டுநர் மாரப்பனும் அதன் இணைப்பொருளாக இன்றுமுதல் நிரந்தரமாக அங்கீகரிக்கப்படுகிறார். அவரது ஓட்டுநர் உரிமம் மாதிரியோடு வைத்து முத்திரையிடப்படும். அவர் எந்த வண்டியையும் ஓட்டுதல் ஆகாது. மாதிரி கெடாமல் இருப்பதை உறுதிசெய்ய ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அவரது நெஞ்சளவு, இடுப்பளவு, எடை எடுக்கப்படும். அரை அங்குலத்துக்கு மேல் வேறுபட்டால் நிராகரிக்கப்படுவார்.

மாரப்பன் சட்டைப்பையிலிருந்து உரிமத்தை எடுத்துக் கொடுத்தான். ஏன் கொடுத்தான் என்று அலாவுதீன் பிற்பாடு அவன் சட்டையைப் பிடித்து உலுக்கிக் கேட்டான். கை நீட்டினார்கள், கொடுத்துவிட்டான். மயில்சாமி அதைப் பாலித்தீனுக்குள் போட்டு, வாயை மடித்து, அரக்கு வைத்து அழுத்தினார். இன்னொரு அட்டையில் தலைவர் கையெழுத்துப் போட்டு மாரப்பனின் சட்டைப் பொத்தானில் கட்டிவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். மனம் கேட்காத ஓர் உறுப்பினர் அவனுக்குக் கை கொடுக்கக்கூட வந்தார். சாம்பிளைத் தொடக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள்.

அடுத்த மாதத்தின் கடைசி நாள் மத்தியானம், வேலாத்தாள் அவனுக்குச் சோறு போட்டாள். நிரந்தரமானதிலிருந்து அவள் அவனை எதுவும் கேட்பதில்லை. ஒரு கரண்டி போட்டாள். இரண்டாவது கரண்டியை எடுத்தபோது அவன் தட்டுக்கு மேலே கையைக் குறுக்கே வைத்தான்.

“ஏனுங்க, காலையிலயும் ஒண்ணும் சாப்புடலியே. இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்க.”

“வேண்டாம் புள்ள” என்றான் மாரப்பன். “நாளைக்கு அளவு எடுக்கறாங்க.”